கம்பி அறுந்தால் என்ன ஆகும்?



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து மதரஸா முற்றத்தில் அமர்ந்திருந்தேன். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். ஸலாம் கூறி அமர்ந்தவர், நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஹஜ்ரத், உங்களிடம் ஓதிய பிள்ளை இவன். நான் சொல்வதைக் கேட்கமாட்டேன் என்கிறான். நீங்களாவது புத்தி சொல்லுங்கள். ஏழு வருஷமாகச் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் நல்ல உத்தியோகம். குளிர்சாதன அறை, கை நிறையச் சம்பளம். அதை விட்டுவிட்டு ஆலைகளில் மெஷின்களுக்குப் புரோகிராம் எழுதப் போகிறானாம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இராப்பகலாக ஊர் ஊராக அலைய வேண்டுமாம். இவன் உம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பெண் பேசி வைத்திருக்கிற வீட்டுக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது?"

மகன் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். என் ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் என்னிடம் ஓதிய சிறுவர். இன்று இருபத்தொன்பது வயது வாலிபர்.

வாசகர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கலைப் பட்டம் பெற்றவன். இயந்திரங்களைப் பற்றி எனக்கிருந்த அறிவு, மிக்ஸி ஓடாவிட்டால் பிளக்கைக் கழற்றி மாட்டுகிற அளவுதான். தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது தவறு. ஆகவே பெரியவரிடம், "காக்கா, ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். முதலில் தம்பி எனக்குப் பாடம் நடத்தட்டும், பிறகு நான் புத்தி சொல்கிறேன்" என்றேன். ஒரு வாரம் மாலைதோறும் அந்த வாலிபர் ஆசிரியராக இருந்தார். நான் மாணவனாக இருந்தேன். அவரிடம் கற்றதையும், அதன்பின் தேடிப் படித்தறிந்ததையும் உங்கள் முன் வைக்கிறேன். நம் வீடுகளில் இன்று பொறியியல் படிக்காத பிள்ளைகள் குறைவு. இந்தக் கேள்வி நாளை உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

முதல் நாள் அவர் என்னைப் பள்ளிவாசல் மேல்நிலைத் தொட்டிக்கு அருகில் அழைத்துச் சென்றார். உளூச் செய்யும் குழாய்களுக்கு நீர் தரும் தொட்டி அது. நீர் குறைந்தால் மோட்டார் தானாக ஓடும். நிரம்பினால் தானாக நிற்கும். தொட்டிக்குள் மிதவை ஒன்று இருக்கிறது. அது நீர் மட்டத்தைத் தெரிவிக்கிறது. கீழே உள்ள பெட்டி முடிவெடுக்கிறது. மோட்டார் அதன்படி நடக்கிறது. "ஹஜ்ரத், உலகத்தில் உள்ள பெரிய ஆலைகள் எல்லாவற்றிலும் நடப்பது இந்த மூன்றுதான். அறிதல், முடிவெடுத்தல், செய்தல்" என்றார் அவர்.

இது புதிய கலையன்று. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்கள், தாமே திறந்து தாமே மூடிக்கொள்ளும் வால்வுகளும் மிதவைகளும் கொண்ட கருவிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார்கள். தியார்பக்கிர் அரசவையில் பணியாற்றிய அல்ஜஸரீ, நீர்க் கடிகாரங்களையும் நீரிறைக்கும் பொறிகளையும் விவரிக்கும் தம் நூலை 1206இல் முடித்தார். பழம்பெருமை பேசுவதற்காக இதைக் குறிப்பிடவில்லை. ஆலைத் தொழில் அறிவுக்குக் குறைந்த தொழில் என்று எண்ணுகிறவர்கள், அதன் பரம்பரையை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

இன்றைய ஆலைகளில் முடிவெடுக்கும் பெட்டிக்குப் பி.எல்.சி. என்று பெயர். அதன் வரலாறு சுவையானது. முன்பெல்லாம் கார்த் தொழிற்சாலைகளில் நூற்றுக்கணக்கான ரிலேக்களைக் கம்பிகளால் இணைத்துப் பெரிய அலமாரிகளில் வைத்திருப்பார்கள். காரின் மாதிரியை மாற்றினால் அத்தனை கம்பிகளையும் பிரித்து மறுபடியும் பின்ன வேண்டும். இந்தத் தொல்லையிலிருந்து விடுபட, 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஹைட்ராமேட்டிக் பிரிவு ஒரு மாற்றுக் கருவியைக் கேட்டது. டிக் மார்லி என்னும் பொறியாளரும் அவருடைய தோழர்களும் செய்த 'மோடிகான் 084' அந்தத் தேவையை நிறைவேற்றியது. அது அவர்களுடைய நிறுவனத்தின் 84ஆவது திட்டம். அதனால்தான் அந்த எண்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. புதிய கருவிக்குக் கம்ப்யூட்டர் மொழியை அவர்கள் திணிக்கவில்லை. ஆலை எலக்ட்ரீஷியன்கள் ஏற்கெனவே படித்துப் பழகியிருந்த ரிலே வரைபடத்தையே புரோகிராமாக ஆக்கினார்கள். இரு பக்கமும் செங்குத்துக் கோடுகள், நடுவே படிகள். பார்ப்பதற்கு ஏணி போலிருப்பதால் அதற்கு 'லேடர்' என்று பெயர். இதைக் கேட்டபோது எனக்கு அரபுத்தமிழ் நினைவுக்கு வந்தது. குர்ஆன் ஓத அரபு எழுத்தைக் கற்றிருந்த நம் பாட்டிமார்களுக்காக, தமிழை அரபு எழுத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள் நம் முன்னோர்கள். படிக்கப் போகிறவருக்கு எந்த எழுத்து தெரியுமோ அந்த எழுத்தில் எழுதுவதுதான் அறிவுடைமை.

1993இல் வெளிவந்த சர்வதேசத் தரநிலை ஒன்று, பி.எல்.சி.க்கு ஐந்து மொழிகளை வகுத்தது. அவற்றுள் 'ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்' என்பது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு எளிது. "எனக்கு அதில்தான் கை ஓடுகிறது. ஆனாலும் லேடரையும் கற்கிறேன். இரவு இரண்டு மணிக்கு மெஷின் நின்றுபோனால் அதைத் திறந்து பார்க்கப் போகிறவர் நானல்லவே, ஆலை எலக்ட்ரீஷியன்தானே" என்றார் வாலிபர். இந்த மறுமொழியைக் கேட்டதும் என் மனம் அவர் பக்கம் சாயத் தொடங்கியது.

அவருடைய பழைய தொழிலுக்கும் புதிய தொழிலுக்கும் என்ன வேற்றுமை? இரண்டிலும் எழுதுவது புரோகிராம்தானே என்று கேட்டேன். அவர் சொன்னவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

முதலாவது, நேரம். பி.எல்.சி. ஓயாமல் ஒரே சுற்றைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சென்சார்கள் சொல்வதையெல்லாம் படிக்கிறது, புரோகிராமை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை நடத்துகிறது, மோட்டார்களுக்கும் வால்வுகளுக்கும் கட்டளை அனுப்புகிறது, மீண்டும் தொடங்குகிறது. ஒரு சுற்று சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிகளில் முடிந்துவிடும். சாதாரண மென்பொருளில், "இது நடக்கும்வரை இங்கேயே காத்திரு" என்று எழுதலாம். இங்கே அப்படி எழுதினால் ஆலை முழுவதும் காத்திருக்கும். சுற்று வரம்பு மீறினால் உள்ளேயிருக்கும் காவல் கடிகாரம் கருவியையே நிறுத்திவிடும்.

இரண்டாவது, ஆயுள். கைப்பேசிக்கு எழுதிய மென்பொருள் சில மாதங்களில் மாறிவிடும். ஆலை இயந்திரமோ இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் ஓடும். எழுதியவர் வேறு ஊருக்குப் போன பின்பும், அவர் எழுத்து அங்கே உழைத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. அதைச் சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. தம் தந்தையிடம்கூட அதுவரை சொல்லாத செய்தி அது. அவருடைய அனுமதி பெற்றே இங்கு எழுதுகிறேன்.

வேலையை விடுவதற்கு முன், விடுமுறை எடுத்துக்கொண்டு ஒரு தொழிற்சாலையில் சில நாட்கள் பயிற்சிக்குப் போயிருக்கிறார். பெட்டிகளைத் தள்ளிவிடும் இயந்திரம் ஒன்று சரியாக ஓடவில்லை. இவர் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து புரோகிராமைப் பார்த்தார். பிழை தெரிந்தது. சென்னை அலுவலகத்தில் செய்வதைப் போலவே உடனே திருத்தி, லேப்டாப்பிலிருந்து இயந்திரத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே தள்ளுதண்டு பாய்ந்து முன்னால் வந்தது. சிக்கிய அட்டைத் துண்டை எடுக்கக் கைவிட்டிருந்த ஆபரேட்டர், அந்தக் கணத்துக்குச் சற்று முன்புதான் கையை வெளியே எடுத்திருந்தார்.

யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இவர் வெளியே ஓடிவந்தபோது, ஐம்பது வயதைக் கடந்த அந்த ஆபரேட்டர் கோபப்படவில்லையாம். தம் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "தம்பி, இனிமேல் லேப்டாப்பைத் தட்டுவதற்கு முன்னால் வெளியே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள்."

அன்று இரவு இவர் உறங்கவில்லை. "ஹஜ்ரத், ஏழு வருஷமாக எத்தனையோ பிழைகள் செய்திருக்கிறேன். எல்லாவற்றையும் மறுநாள் திருத்தியிருக்கிறேன். ஒரு மனிதருடைய விரலை எந்த அப்டேட்டால் திருப்பிக் கொடுக்க முடியும்?" என்று கேட்டார்.

எல்லா மென்பொருளும் ஆபத்தற்றது என்று இதற்குப் பொருளன்று. வங்கியிலும் மருத்துவமனையிலும் ஓடும் மென்பொருளிலும் மனிதர்களின் நலன் அடங்கியிருக்கிறது. ஆனால் ஆலையில், எழுதிய வரிக்கும் மனித உடலுக்கும் நடுவே உள்ள தூரம் மிகக் குறைவு.

சகோதர சகோதரிகளே, இப்போது அந்த மேல்நிலைத் தொட்டிக்குத் திரும்புவோம். மறுநாள் வாலிபர் என்னிடம் கேட்டார்: "தொட்டியிலிருந்து கீழே வரும் கம்பியை எலி கடித்து அறுத்துவிட்டால் என்ன ஆகும்?" எனக்குத் தெரியவில்லை. அவர் விளக்கினார். கம்பியை இரண்டு விதமாக இணைக்கலாம். தொட்டி நிரம்பியதும் கம்பியில் மின்சாரம் பாய்ந்து 'நிறுத்து' என்று சொல்லும்படி வைக்கலாம். அப்போது கம்பி அறுந்தால் 'நிறுத்து' என்னும் சொல் வந்து சேராது. மோட்டார் விடியவிடிய ஓடும். அல்லது, நிரம்பாத வரையில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்து, நிரம்பியதும் அது நின்றுபோகும்படி வைக்கலாம். அப்போது கம்பி அறுந்தாலும், தொட்டி நிரம்பிவிட்டதாகவே எண்ணி மோட்டார் நின்றுவிடும். தண்ணீர் வரவில்லையே என்று யாரேனும் வந்து பார்ப்பார்கள், பழுது வெளிப்படும். வேலை நன்றாக நடக்கும் நாட்களில் இரண்டு முறைக்கும் வேற்றுமையே தெரியாது. கெட்டுப்போகும் நாளில்தான் தெரியும்.

ஆலையில் உள்ள சிவப்பு நிற 'ஸ்டாப்' பொத்தான்கள் இந்த இரண்டாம் முறையில்தான் இணைக்கப்படுகின்றன. அழுத்தினாலும் இயந்திரம் நிற்கும். கம்பி அறுந்தாலும் நிற்கும். அழுத்தம், வெப்பம் போன்ற அளவுகளை அனுப்பும் கருவிகளில் 4 முதல் 20 மில்லிஆம்பியர் என்றொரு வழக்கம் உண்டு. ஏன் சுழியத்தில் தொடங்காமல் 4இல் தொடங்குகிறார்கள்? அளவு சுழியம் என்றால் 4 மில்லிஆம்பியர் வரும். கம்பி அறுந்தால் மின்சாரமே வராது. 'ஒன்றுமில்லை' என்ற செய்தியையும், 'செய்தியே இல்லை' என்ற நிலையையும் பிரித்தறிய எவ்வளவு எளிய ஏற்பாடு பாருங்கள்!

எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதே பாதுகாப்பு என்றும் எண்ணிவிடக் கூடாது. காற்றழுத்தம் போய்விட்டால் எரிபொருள் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். குளிர்விக்கும் நீரின் வால்வோ பெரும்பாலும் திறந்துகொள்ள வேண்டும். இரும்பைத் தூக்கி நிற்கும் கிரேன், மின்சாரம் போனதும் அதைக் கீழே போட்டுவிடக் கூடாது. 'இது கெட்டால் எந்தப் பக்கம் சாய வேண்டும்' என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, முன்கூட்டியே சிந்திக்க வேண்டும். மென்பொருள் துறையிலிருந்து வருகிறவர் புதிதாகப் பயில வேண்டிய பாடங்களில் தலையாயது இதுதான்.

இந்தப் பாடத்தை மறந்ததன் விலையை உலகம் கொடுத்திருக்கிறது. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம், ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிக அதிகமான கதிர்வீச்சைச் செலுத்திவிட்டது. அவர்களுள் சிலர் அதனால் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய மாதிரியின் மென்பொருளிலும் அத்தகைய பிழை இருந்தது. ஆனால் அந்த மாதிரியில் மென்பொருளைச் சாராத தனிப் பாதுகாப்புப் பூட்டுகள் இருந்தமையால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. புதிய மாதிரியில், மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி அந்தப் பூட்டுகளை நீக்கிவிட்டார்கள். ஆகவேதான் இயந்திரத்தின் அவசர நிறுத்தத்தைச் சாதாரணப் புரோகிராமின் பொறுப்பில் மட்டும் விடக் கூடாது என்பது இத்துறையில் உறுதியான விதியாக இருக்கிறது.

தவறு ஒரு பக்கம்; தீய எண்ணம் மறு பக்கம். 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சு மென்பொருள், ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்திலிருந்த பி.எல்.சி.க்களுக்குள் புகுந்து, இயந்திரங்களின் வேகத்தைத் தாறுமாறாக்கியது. கண்காணிப்பவர்களின் திரையிலோ எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டியது. 2017இல் சவூதி அரேபியாவின் பெட்ரோ கெமிக்கல் ஆலை ஒன்றில், பாதுகாப்புக்கென்றே வைத்திருந்த கருவிகளுக்குள் டிரைட்டன் எனப்படும் நச்சு மென்பொருள் நுழைந்தது. அந்தக் கருவிகள் தமக்குள் ஏதோ பிழை நேர்ந்திருப்பதை உணர்ந்து ஆலையை நிறுத்திவிட்டன. பழுது நேர்ந்தால் பாதுகாப்பான பக்கம் சாய வேண்டும் என்று முன்பே சிந்தித்து வைத்ததன் பயன் அது. வளைகுடா நாடுகளின் எண்ணெய் ஆலைகளிலும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! அவர்களுடைய உயிர், முகம் தெரியாத யாரோ ஒருவர் எழுதிய புரோகிராமிடம் அமானிதமாக இருக்கிறது. அதை எழுதுகிறவர் அச்சமும் பொறுப்பும் உள்ளவராக இருக்க வேண்டும் என்று விரும்பாத தாய் யார்?

ஒரு வாரம் கழிந்து பெரியவர் வந்தார். அவரிடம் நான் சொன்னது இதுதான்:

"காக்கா, பிள்ளை கீழே இறங்கவில்லை, கனமான சுமையைத் தூக்கப் போகிறார். மனைவியிடமும் பெண் வீட்டாரிடமும் இதை மறைக்காமல் சொல்லுங்கள். உடுப்பில் எண்ணெய்க் கறை படுவதால் தொழிலின் மதிப்பு குறைந்துவிடாது. ஆனால் உங்கள் வீட்டார் படும் கவலையிலும் நியாயம் இருக்கிறது. புதிய இயந்திரத்தை ஆலையில் நிறுவி ஓடவைக்கும் நாட்களில் வீட்டுக்கு வர முடியாது. இரவு வேலை உண்டு. இதையெல்லாம் நிக்காஹுக்கு முன்பே பேசிவிடுவது நல்லது."

வாலிபரிடம் சில நிபந்தனைகள் வைத்தேன். இந்த வழியில் அடியெடுத்து வைக்க எண்ணும் ஏனைய பிள்ளைகளுக்கும் அவை பொருந்தும் என்பதால் இங்கே தருகிறேன்.

ஆறு மாதக் குடும்பச் செலவுக்குப் பணம் சேர்த்துக்கொண்ட பிறகே பழைய வேலையை விடுங்கள். அதற்குள் மின்சார வரைபடம் படிக்கவும், ரிலே, சென்சார், வால்வு, மோட்டார் ஆகியவற்றைக் கையால் தொட்டு இணைக்கவும் பழகுங்கள். சிறிய பி.எல்.சி. ஒன்றை வாங்கியோ, பயிற்சி மென்பொருளின் துணைகொண்டோ வீட்டிலேயே தொடங்கலாம். பழைய தொழிலில் கற்ற நல்ல வழக்கங்களை விட்டுவிடாதீர்கள். செய்த மாற்றத்தை நாள் குறித்துப் பதிந்து வைப்பது, பழைய பிரதியைப் பாதுகாப்பது, சோதித்துப் பார்த்த பிறகே கொடுப்பது ஆகிய வழக்கங்கள் அவை. இவற்றை ஆலைக்குக் கொண்டுபோவது நீங்கள் செய்யும் பேருதவியாக இருக்கும். 'இப்போது கொடுத்துவிடுவோம், பிறகு திருத்துவோம்' என்னும் பழக்கத்தை மட்டும் வாசலிலேயே விட்டுச் செல்லுங்கள்.

இயந்திரத்துக்குள் எவரேனும் கை வைப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, காற்றழுத்தத்தை வெளியேற்றி, பூட்டுப் போட்டு, சாவியை அவரே தம்மிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அந்த விதியை மீறச் சொல்லி மேலாளரே அவசரப்படுத்தினாலும் இணங்காதீர்கள். இருபது ஆண்டுகள் அந்த இயந்திரத்தோடு வாழ்ந்த ஆபரேட்டரிடம், பட்டம் பெற்றவன் என்னும் செருக்கின்றிக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் முகத்தைப் பார்த்த பிறகே லேப்டாப்பைத் தொடுங்கள்.

பெரியவர் அப்போதும் முழு மனத்தோடு தலையசைக்கவில்லை. "யோசிக்கிறோம் ஹஜ்ரத்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், அந்த வாலிபர் ஊர் எலக்ட்ரீஷியனையும் அழைத்துக்கொண்டு பள்ளிவாசல் மோட்டார் பெட்டியைத் திறந்தார். அவர் ஐயுற்றது சரிதான். எங்கள் தொட்டியின் மிதவை முதலாவது முறையில்தான் இணைக்கப்பட்டிருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, கம்பியை மாற்றி இணைத்தார்கள். மோட்டாரை ஓடவிட்டார்கள். பிறகு வாலிபர் மேலே ஏறி, மிதவைக் கம்பியை வேண்டுமென்றே கழற்றினார். மோட்டார் நின்றது.

கூடியிருந்தவர்களில் ஒருவர், "கம்பியைக் கழற்றிக் கெடுத்துவிட்டாரே!" என்றார். அவருக்கு மறுமொழி சொன்னது நானல்லேன்.

"கெடவில்லை பாய். கம்பி அறுந்தால் இப்படித்தான் நிற்க வேண்டும்" என்றார் பெரியவர்.

அவர் வீட்டில் உம்மா இப்போது சாப்பிடுகிறார்களாம். பெண் வீட்டார் யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள். நல்லதே நடக்க நாமும் துஆச் செய்வோம்.

வாசகர்களே, இந்த இதழை மூடி வைத்ததும் உங்கள் வீட்டுத் தொட்டியின் மோட்டாரை ஓட்டுவது யார், அதன் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று ஒரு நல்ல எலக்ட்ரீஷியனிடம் கேட்டுப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.